ஸ்கவுட்டின் துப்பாக்கி: தோட்டாவிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்

கௌபாய் படங்களையும் தமிழில் வந்த கௌபாய் காமிக்ஸையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க ராணுவ ஸ்கவுட்டின் உருவம் மனப்பாடம். ஓரத்தில் தோல் நூல்கள் தொங்கும் சட்டை, அகலத் தொப்பி, இடுப்பில் இரண்டு ரிவால்வர், கையில் லீவரை இழுத்து இழுத்துச் சுடும் வின்செஸ்டர். கதை நடப்பது 1850 என்றாலும் இதேதான், 1890 என்றாலும் இதேதான். துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் பெயர்களையே அடுக்குகிறார்கள். கோல்ட், வின்செஸ்டர், ஷார்ப்ஸ், ஸ்பென்சர். எது வேகமாகச் சுடும், எது "பெஸ்ட்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்தப் பேச்சில் விட்டுப்போவது தோட்டா. 1840-களுக்கும் 1880-களுக்கும் நடுவே மிகப்பெரிய மாற்றம் நடந்தது தோட்டாவில்தான். துப்பாக்கிகள் அதைப் பின்தொடர்ந்து மாறின. ஒரு ஸ்கவுட் எந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், ஏன் அதை எடுத்தார் என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கியைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களும் பின்தொடரும்படி, அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்கவுட் சண்டை போடுவதற்காகப் போனவர் இல்லை

ஸ்கவுட் என்றால் படைக்கு முன்னால் போய் வேவு பார்ப்பவர். தடம் பார்த்து எத்தனை குதிரைகள், எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்துக்கு முன் போயின என்று சொல்ல வேண்டும். தண்ணீர் இருக்கும் இடம், ஆற்றைக் கடக்கும் துறை தெரிந்திருக்க வேண்டும். கோட்டைக்கும் கோட்டைக்கும் நடுவே கடிதம் கொண்டுபோவதும் அவர் வேலைதான். எதிரியைப் பார்த்துவிட்டு, எதிரியின் கண்ணில் படாமல் திரும்பி வந்து சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சுட வேண்டிய நிலை வந்துவிட்டால் ஏதோ தவறிப்போய்விட்டது என்று அர்த்தம்.

பின்னாளில் 'பஃபலோ பில்' என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய வில்லியம் கோடி, 1868-ல் கான்சாஸ் பகுதியின் கோட்டைகளுக்கு இடையே கடிதங்களைச் சுமந்து, 60 மணி நேரத்துக்குள் சுமார் 350 மைல் குதிரையில் போனதாக ஜெனரல் ஷெரிடன் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சவாரிக்குப் பிறகுதான் 5-வது குதிரைப்படையின் தலைமை ஸ்கவுட் பதவி அவருக்குக் கிடைத்தது. துப்பாக்கியால் யாரையும் வீழ்த்திக் கிடைத்த பதவி இல்லை அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்கவுட்களில் வெள்ளைக்காரர்கள் ஒரு பகுதிதான். 1866 ஜூலை 28-ல் நிறைவேறிய சட்டம், பூர்வகுடி மக்களில் 1,000 பேர் வரை ஸ்கவுட்களாகச் சேர்த்துக்கொள்ளவும், குதிரைப்படை வீரனுக்குள்ள அதே சம்பளம் தரவும் ராணுவத்துக்கு அனுமதி கொடுத்தது. பானி, க்ரோ, அரிகரா, அப்பாச்சி என்று பல இனங்களைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். லகோட்டா மக்களோடு தலைமுறைப் பகை கொண்டிருந்த க்ரோ மக்களுக்கு, ராணுவத்தோடு சேர்வது தங்கள் நிலத்தைக் காக்கும் வழியாகத் தெரிந்தது. மொத்தத்தில் இது பூர்வகுடிகளின் நிலம் பறிபோன போர். அதை மறந்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் ரசித்துக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குண்டு எப்படிக் கிளம்புகிறது?

தீபாவளிக்குப் பிள்ளைகள் வைத்து விளையாடும் பொம்மைத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சுருளில் இருக்கும் ஒவ்வொரு பொட்டிலும் துளியூண்டு மருந்து. விசையை இழுத்ததும் சின்னச் சுத்தியல் வந்து அடிக்கிறது. 'டப்' என்று வெடிக்கிறது. நெருப்பு வைக்கவே தேவையில்லை, அடி பட்டாலே போதும். 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிக்கும் தொடக்கம் இந்த 'டப்'தான்.

உண்மைத் துப்பாக்கியில் இதே வேலையைச் செய்வது ஒரு சிறு செம்புக் குப்பி. அதன் உள்ளே அடிபட்டால் வெடிக்கும் மருந்து தடவப்பட்டிருக்கும். இதைக் கேப் என்போம். கேப்பின் பொறி உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். அந்தப் பெரிய மருந்துதான் கருமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த பழைய கலவை. கருமருந்து எரிந்ததும் ஏராளமான வாயு உண்டாகிறது. வாயு வெளியேறக் குழலின் ஒரு முனை மட்டுமே திறந்திருக்கிறது, அந்த வழியை ஈயக் குண்டு மறித்துக்கொண்டு நிற்கிறது. வாயு அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

குழலின் உள்பக்கத்தில் திருகாணி மாதிரி வளைந்து வளைந்து வெட்டிய பள்ளங்கள் இருந்தால், குண்டு சுழன்றபடி வெளியேறும். சுழலும் குண்டு தடுமாறாமல் நேராகப் போகும். இப்படிப் பள்ளம் வெட்டிய நீளத் துப்பாக்கியே ரைஃபிள். அதையே குழலைக் குட்டையாக்கி, குதிரைக்காரனுக்கு வசதியாகச் செய்தால் அது கார்பைன்.

இதுவரை பார்த்தவை நான்கு பொருள்கள்: பொறி கொடுக்கும் கேப், தள்ளும் கருமருந்து, பறக்கும் குண்டு, வழிகாட்டும் குழல். இந்த நான்கையும் எப்படி ஒன்றுசேர்ப்பது என்பதுதான் இனி வரும் கதை முழுவதும்.

வாய்வழி கெட்டித்த காலம்

முதல் தலைமுறை ஸ்கவுட்களில் பெரிய பெயர் கிட் கார்சன். 1842-ல் ஃப்ரெமான்ட் என்ற ராணுவ அதிகாரி ராக்கி மலைப் பகுதிக்கு ஆய்வுப் பயணம் போனபோது வழிகாட்டியாகச் சென்றவர். செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் என்ற ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைஃபிள்கள் அந்நாளில் அந்த மலைகளில் தோலுக்காக வேட்டையாடித் திரிந்தவர்களிடம் மிகவும் மதிப்புப் பெற்றிருந்தன. கார்சனிடமும் ஒன்று இருந்தது. கனமான குழல், சுமார் அரை அங்குலக் குண்டு, நம்பிச் சுடலாம்.

ஆனால் அதை நிரப்புவது பெரிய வேலை. குழலின் வாய் வழியாக அளந்த மருந்தைக் கொட்ட வேண்டும். எண்ணெய்த் துணித் துண்டில் குண்டை வைத்து, கோலால் இடித்து அடிவரை கெட்டிக்க வேண்டும். பிறகு பின்பக்க முனையில் கேப்பைச் செருக வேண்டும். படைவீரர்களிடம் இருந்த துப்பாக்கிகளில் இந்த வேலையைக் குறைக்க, அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். காகிதத்தைப் பல்லால் கடித்துப் பிரித்துக் கொட்டுவார்கள். 1857 கிளர்ச்சியைப் பற்றிப் பள்ளியில் படித்தோமே, கொழுப்புத் தடவிய தோட்டா, அதுவும் இதே வகைதான். நல்ல பயிற்சி உள்ளவர்கூட ஒரு நிமிடத்தில் இரண்டு, மூன்று முறைக்கு மேல் சுட முடியாது. அதுவும் நின்றுகொண்டு. ஓடும் குதிரையில் உட்கார்ந்து கோலைக் குழலுக்குள் விட்டு இடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

மழை வேறு. மருந்து நனைந்தால் சுடவே சுடாது. இந்த மாதிரித் துப்பாக்கி வைத்திருந்த ஸ்கவுட்டுக்கு முதல் குண்டுதான் எல்லாம். அது தவறினால் குதிரையின் கால்கள்தான் துணை.

உலோகத் தோட்டா என்ன மாற்றியது?

கேப், கருமருந்து, குண்டு மூன்றையும் செம்பிலோ பித்தளையிலோ செய்த ஒரு சின்னக் குப்பிக்குள் அடைத்துவிட்டால் அதுதான் உலோகத் தோட்டா. தோட்டா என்றால் குண்டு என்றே பலர் நினைக்கிறார்கள். குண்டு அதன் முன்முனையில் பொருத்திய ஈயம் மட்டும். சுட்டதும் குண்டு போய்விடும், வெறுங்குப்பி துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

நிரப்புவது சுலபம், நனையாது என்ற இரண்டு நன்மையும் பார்த்ததுமே புரிந்துவிடும். மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வாய்வழியாக நிரப்பாமல் பின்பக்கமாகத் திறந்து நிரப்பும் துப்பாக்கி என்ற யோசனை பழையது. சிக்கல் என்னவென்றால், திறந்து மூடும் இடத்தில் இடுக்கு இருக்கும். அந்த இடுக்கு வழியாக எரியும் வாயு சுடுபவரின் முகத்துக்கே கசிந்து வரும். சக்தியும் வீணாகும். உலோகக் குப்பி இதைத் தானாகவே சரிசெய்தது. மருந்து வெடிக்கும் கணத்தில் மெல்லிய குப்பி விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. கசிவுக்கு வழி அடைபடுகிறது. அழுத்தம் குறைந்ததும் குப்பி மறுபடி சற்றுச் சுருங்குகிறது, வெளியே இழுத்துவிடலாம். பின்பக்கம் நிரப்பும் துப்பாக்கியை நம்பகமானதாக ஆக்கியது இந்த விரிந்து சுருங்கும் குணம்தான்.

கேப் மருந்தைக் குப்பியின் எந்த இடத்தில் வைப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. குப்பியின் அடி விளிம்பைச் சுற்றி உள்ளே பூசிவிட்டால் அது விளிம்புத் தோட்டா. அடியின் நட்டநடுவில் வைத்தால் நடுத் தோட்டா. விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்க வேண்டும் என்பதால் விளிம்புத் தோட்டாவின் குப்பி மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய குப்பியில் நிறைய மருந்து அடைத்தால் கிழிந்துவிடும். ஆகவே விளிம்புத் தோட்டா பொதுவாகச் சக்தி குறைந்தது. நடுத் தோட்டாவின் குப்பியைத் தடியாகச் செய்யலாம், மருந்தும் அதிகம் போடலாம். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம் அந்த எண்கள். '50-70' என்றால் குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தில் 100-ல் 50 பங்கு, அதாவது அரை அங்குலம். கருமருந்து 70 கிரெய்ன். கிரெய்ன் என்பது பழைய எடை அளவு, 15 கிரெய்ன் சேர்ந்தால் ஏறக்குறைய 1 கிராம். அதே கணக்கில் '45-70', '44-40' எல்லாம் படிக்கலாம்.

சுருக்கமாக: உலோகத் தோட்டா வந்ததும் பின்பக்கம் நிரப்பும் துப்பாக்கி நம்பகமானது. தோட்டாவில் விளிம்பு வகை, நடு வகை என்று இரண்டு. நடு வகைக்குச் சக்தி அதிகம்.

ஏழரை மாத இடைவெளியில் இரண்டு சண்டைகள்

இந்த மாற்றம் களத்தில் எப்படித் தெரிந்தது என்பதற்கு, இன்றைய வயோமிங் மாநிலத்தில் ஃபில் கெர்னி கோட்டை அருகே நடந்த இரண்டு சண்டைகளே போதும். 1866 டிசம்பர் 21-ல் கேப்டன் ஃபெட்டர்மன் தலைமையில் போன 81 பேரும் லகோட்டா, ஷையன், அரபாஹோ வீரர்களிடம் மாண்டார்கள். அவருடைய காலாட்படையினர் கையில் இருந்தவை வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகள்.

1867 ஆகஸ்ட் 2-ல் அதே கோட்டைக்கு அருகே, வண்டிப் பெட்டிகளை வளையமாக அடுக்கிய ஒரு சிறு அரணுக்குள் கேப்டன் பவல் தலைமையில் முப்பது சொச்சம் பேர் நாள்பொழுதில் பெரும்பகுதி தாக்குப்பிடித்தார்கள். அவர்கள் கைக்குச் சில வாரங்களுக்கு முன்தான் பின்பக்கம் நிரப்பும் 50-70 ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ரைஃபிள் வந்திருந்தது. ஒரு சுற்று சுட்டதும் வழக்கமாக வரும் நீண்ட இடைவெளி இந்த முறை வரவில்லை. ஃபெட்டர்மன் தோற்றதற்குத் திட்டக்குறைவு, நில அமைப்பு, எதிரி விரித்த வலையில் சிக்கியது என்று வேறு காரணங்களும் உண்டு. அவர் ஆட்களிலேயே சிலரிடம் ஏழு முறை சுடும் ஸ்பென்சர் இருந்தது, அதனால் அவர்கள் பிழைத்துவிடவில்லை. எல்லாம் துப்பாக்கியால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நிரப்பும் வேகம் என்ன செய்யும் என்பதற்கு இவ்வளவு நெருக்கமான இரண்டு சாட்சிகள் கிடைப்பது அரிது.

ஒற்றைத் தோட்டாவா, பல தோட்டாவா?

இனி மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடத்துக்கு வருவோம். 1860-களிலேயே தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. ஸ்பென்சரில் தோளில் அணைத்துக்கொள்ளும் பின்கட்டைக்குள் ஒரு குழாய், அதில் ஏழு தோட்டா. பானி ஸ்கவுட்கள் ஃப்ராங்க் நார்த்தின் தலைமையில் ரயில்பாதைக் காவலுக்கு நின்ற காலத்தில் அவர்களிடம் இருந்தது ஸ்பென்சர் கார்பைன்தான். 1860-ல் காப்புரிமை பெற்ற ஹென்ரி ரைஃபிளில் குழலுக்கு அடியில் நீளக் குழாய், அதில் பதினைந்துக்கு மேல் தோட்டா. அதன் வாரிசு 1866 வின்செஸ்டர். விசையைச் சுற்றியுள்ள லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய குப்பி வெளியே, புதுத் தோட்டா உள்ளே.

அப்படியிருக்க, கோடி 1860-களின் கடைசியில் தூக்கிக்கொண்டு திரிந்தது எது? ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் 1866 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு. அதற்கு 'லுக்ரேசியா போர்ஜியா' என்று பெயர்கூட வைத்திருந்தார். இத்தாலிய வரலாற்றில் விஷம் வைப்பவள் என்று கதை கட்டப்பட்ட பெண்ணின் பெயர்.

ஏன் அது? தோட்டாவை எடைபோட்டுப் பாருங்கள். ஹென்ரியின் விளிம்புத் தோட்டாவில் கருமருந்து 2 கிராமுக்கும் குறைவு, குண்டு 13, 14 கிராம். கோடியின் 50-70 நடுத் தோட்டாவில் கருமருந்து சுமார் 4.5 கிராம், குண்டு 29 கிராம். இரண்டு மடங்குக்கு மேல். ஹென்ரி வேகமாகச் சுடும், ஆனால் தொலைவு போகப் போகக் குண்டு சோர்ந்துவிடும்; காட்டெருமை மாதிரி பெரிய மிருகத்தைச் சாய்க்கத் திணறும். பெரிய தோட்டாவை ஹென்ரியில் போட்டால் என்ன என்று கேட்கலாம். நீளமான தோட்டா, குழாயிலிருந்து தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் அந்த இயந்திரத்துக்குள் நுழையாது. நுழைந்தாலும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் பூட்டு, அதாவது பின்பக்கத்தை மூடிப் பிடிக்கும் அமைப்பு, அதற்கு இல்லை.

இந்த இரண்டு துப்பாக்கிகளும் நேருக்கு நேர் மோதிய ஒரு கதையும் உண்டு. வில்லியம் காம்ஸ்டாக் என்ற இன்னொரு ஸ்கவுட்டும் தானும் எருமை வேட்டைப் பந்தயம் வைத்ததாகவும், காம்ஸ்டாக் ஹென்ரியோடு 46-ம் தான் லுக்ரேசியாவோடு 69-ம் வீழ்த்தியதாகவும் கோடி தன் சுயசரிதையில் எழுதினார். நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் பலர் ஐயப்படுகிறார்கள். கோடி மேடைக் கலைஞராக ஆன பிறகு எழுதிய புத்தகம் அது. எனக்குப் பந்தயத்தின் எண்ணிக்கையைவிட அவர் அங்கே சொல்லும் காரணம் பயன்படுகிறது: ஹென்ரி சற்று வேகமாகச் சுடலாம், ஆனால் போதுமான மருந்தும் ஈயமும் அதில் இல்லை என்று கணக்குப் போட்டதாகச் சொல்கிறார். பந்தயம் கட்டுக்கதையாகவே இருந்தாலும், அந்தக் கணக்கு அக்காலத்து ஸ்கவுட்டின் உண்மையான கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. அது வீரக்கதைகளில் வருவதில்லை. 1866-லிருந்து 1873 வரை 50-70தான் ராணுவத்தின் வழக்கமான தோட்டா. எந்தக் கோட்டைக்குப் போனாலும் கிடங்கில் இருக்கும். தோட்டா கிடைக்காத துப்பாக்கி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சுமைதான்.

இந்த எல்லையைத் தொலைவு வரை இழுத்துக்கொண்டு போனது ஷார்ப்ஸ். இதுவும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள், ஆனால் இன்னும் வலுவான பூட்டு. 1874 ஜூனில் டெக்சஸின் அடோபி வால்ஸ் வணிகநிலையத்தில் எருமை வேட்டைக்காரர்கள் முற்றுகையில் இருந்தபோது, பில்லி டிக்சன் கடன் வாங்கிய ஷார்ப்ஸால் மிகத் தொலைவில் குன்றின்மேல் நின்ற குதிரைவீரர் ஒருவரைச் சுட்டு வீழ்த்தினார். பின்னால் அளந்தபோது 1,538 கஜம், அதாவது சுமார் 1,400 மீட்டர் என்று சொன்னார்கள். அந்தத் தொலைவைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. அது அதிர்ஷ்டத்தால் பட்டது என்று சொன்னவர் டிக்சனே. அவரை அடையாளம் காட்ட எல்லாரும் எடுக்கும் கதை இது.

எனக்கு அதைவிட முக்கியம், அதே ஆண்டு செப்டம்பர் 12-ல் நடந்தது. ஸ்கவுட்டாகச் சேர்ந்திருந்த டிக்சன், ஏமஸ் சாப்மன் என்ற இன்னொரு ஸ்கவுட், நான்கு வீரர்கள், ஆக ஆறு பேர் கடிதம் கொண்டுபோகும் வழியில் கயோவா, கொமாஞ்சி வீரர்களிடம் வெட்டவெளியில் அகப்பட்டார்கள். காட்டெருமைகள் புரண்டு உண்டான ஒரு சிறு பள்ளம்தான் அடைக்கலம். அங்கே தொலைவு பிரச்சினையாக இருக்கவில்லை. தோட்டா தீர்ந்துகொண்டிருந்ததுதான் பிரச்சினை. வெளியே விழுந்துகிடந்த தோழரின் ரிவால்வரையும் தோட்டாக்களையும் எடுத்துவர ஒருவர் உயிரைப் பணயம் வைத்துப் போய்வந்தார். ஸ்கவுட்டின் வாழ்க்கையில் துப்பாக்கிக்கு என்ன இடம் என்பதை அந்தப் பள்ளம்தான் சரியாகக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

1873-ல் நிலைமை கொஞ்சம் மாறியது. அந்த ஆண்டு வந்த வின்செஸ்டரில் 44-40 நடுத் தோட்டா போட்டார்கள். ராணுவ ரைஃபிளின் சக்தி இல்லைதான், ஆனால் பழைய விளிம்புத் தோட்டாவைவிடத் தெளிவான முன்னேற்றம். கோடியே அதைப் புகழ்ந்து எழுதிய கடிதத்தை வின்செஸ்டர் நிறுவனம் தன் விலைப்பட்டியலில் அச்சிட்டது.

ஆக, நிறையத் தோட்டா வேண்டுமா, பலமான தோட்டா வேண்டுமா என்று ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. இரண்டும் ஒரே துப்பாக்கியில் கிடைக்கும் காலம் இன்னும் வரவில்லை.

இடுப்பில் இருந்தது

ரிவால்வர் என்றால் சுழலும் உருளையில் ஐந்து, ஆறு அறைகள் கொண்ட கைத்துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுத்தியலைப் பின்னிழுக்கும்போதும் அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். ஸ்கவுட்டுக்கு இது கடைசித் துணை: குதிரை விழுந்தால், கைக்கெட்டும் தூரத்தில் ஆள் வந்தால்.

1860-களில் ஸ்கவுட்டாக வேலை பார்த்த 'வைல்டு பில்' ஹிக்காக்கின் தந்தப்பிடி போட்ட கோல்ட் ரிவால்வர்கள் பெயர்பெற்றவை. அவை 1851 நேவி மாடல். அதில் உலோகத் தோட்டா கிடையாது! ஒவ்வொரு அறையிலும் மருந்து போட்டு, குண்டு வைத்து, குழலுக்குக் கீழுள்ள நெம்புகோலால் கெட்டித்து, பின்னால் கேப் செருக வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு முறை. சண்டை நடுவே அது நடக்காத காரியம். இரண்டு ரிவால்வர் கட்டிக்கொண்டதற்கு அலங்காரம் காரணமில்லை. இரண்டாவது ரிவால்வர்தான் அவர்களுடைய 'மறுபடி நிரப்புவது'.

ரைஃபிளில் 1860-லேயே உலோகத் தோட்டா வந்துவிட்டதே, கோல்ட் நிறுவனம் ஏன் இவ்வளவு தாமதம் செய்தது? காரணம் ஒரு காப்புரிமை. உருளையின் அறைகளை முன்னிருந்து பின்வரை முழுக்கத் துளைத்து, பின்வழியாகத் தோட்டா போடும் அமைப்புக்கு ரோலின் ஒயிட் 1855-ல் காப்புரிமை வாங்கி, ஸ்மித் அண்டு வெஸ்ஸனுக்குக் கொடுத்துவிட்டார். 1869-ல் அது காலாவதியாகும் வரை மற்ற அமெரிக்க நிறுவனங்களுக்குக் கை கட்டப்பட்டிருந்தது. படங்களில் எல்லா ஆண்டுகளிலும் வரும் அந்தப் புகழ்பெற்ற கோல்ட் 45 பிறந்தது 1873-ல்தான். 1861-லிருந்து 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதையில் அது வந்தால் தவறு என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த 45-லும் பலர் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பினார்கள். சுத்தியல் தோட்டாமேல் படிந்திருந்தால் ஒரு குலுக்கலில் வெடித்துவிடும் என்ற பயம், நியாயமான பயம்.

தோட்டாத் தகராறு இங்கேயும் உண்டு. 1870-களின் நடுவில் ராணுவம் ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் ஸ்கோஃபீல்டு ரிவால்வரையும் வாங்கியது. அதன் தோட்டா சற்றுக் குட்டை; கோல்ட்டிலும் போட்டுச் சுடலாம். கோல்ட்டின் நீளத் தோட்டாவோ ஸ்கோஃபீல்டில் நுழையாது. தவறான பெட்டி வந்து சேர்ந்த கோட்டையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதன் மறுபக்கம் 1878-ல் வந்தது: கோல்ட் ரிவால்வரையும் 44-40-க்குச் செய்து விற்றார்கள். ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா, ஒரே தோட்டாப் பட்டை. கோட்டையை நம்பாமல் திரிந்த சிவிலியன்களுக்கு அது பெரிய நிம்மதி.

எடை, புகை, களிம்பு

1873-லிருந்து ராணுவத்தின் தோட்டா 45-70. குதிரைப்படைக் கார்பைனுக்கு மட்டும் உதைப்பைக் குறைக்க 55 கிரெய்ன் மருந்து போட்டது. குண்டு ஒன்று 26 கிராம். நூறு தோட்டா என்றால் ஈயம் மட்டுமே 2.6 கிலோ, குப்பியும் மருந்தும் தனி. நீண்ட சவாரியில் இந்த எடை குதிரையின் வேகத்தைத் தின்னும்.

கருமருந்து சுட்டால் வெள்ளைப் புகை மண்டும். ஒருமுறை சுட்டால் போதும், ஒளிந்திருக்கும் இடத்தைப் புகை காட்டிக்கொடுத்துவிடும். ஒளிந்து வாழ்வதே தொழிலான ஸ்கவுட் எவ்வளவு தயங்கிச் சுட்டிருப்பார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எரிந்த கசடு குழலில் படியும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் களிம்பு. அன்றைய ராணுவத் தோட்டாவின் குப்பி செம்பு. தோட்டாப் பட்டை பதனிட்ட தோல். தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருள் செம்போடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த குப்பி, சூடான குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். வெளியே இழுக்கும் கொக்கி மென்மையான செம்பு விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், குப்பி உள்ளேயே தங்கிவிடும். கத்தியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். பின்னாளில் தோலுக்குப் பதில் நெய்த துணிப் பட்டையும், செம்புக்குப் பதில் பித்தளைக் குப்பியும் வந்ததற்குக் காரணம் இதுதான்.

பழைய புகைப்படங்கள்

ஸ்கவுட்களின் புகைப்படங்களைச் சான்றாகக் காட்டி, இவர் இந்தத் துப்பாக்கிதான் வைத்திருந்தார் என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்டுடியோக்காரர்கள் துப்பாக்கி, கத்தி, தோல் சட்டை எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். வந்தவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கோடியின் காலத்தில் மேடையும் களமும் கலந்தே கிடந்தன. படம் ஒரு துப்பு, அவ்வளவுதான். வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் லுக்ரேசியா போர்ஜியா மாதிரி, கைமாறிய வரலாறு தெரிந்த துப்பாக்கிகள் குறைவு. அதில் இன்று பின்கட்டை இல்லை. குழலும் பூட்டும்தான் மிச்சம்.

மண்ணுக்குள் கிடந்த குப்பிகள்

1876 ஜூன் 25-ல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், கஸ்டர் என்ற அதிகாரி நடத்திவந்த 7-வது குதிரைப்படை லகோட்டா, ஷையன் வீரர்களிடம் தோற்றது. கஸ்டரோடு க்ரோ ஸ்கவுட்களும் அரிகரா ஸ்கவுட்களும் வந்திருந்தார்கள். முகாம் எவ்வளவு பெரியது என்று அவர்கள் முன்பே எச்சரித்தார்கள், கஸ்டர் ஏற்கவில்லை. அரிகரா மக்களோடு வாழ்ந்த ஸ்கவுட் பிளடி நைஃபும், வெள்ளை ஸ்கவுட் சார்லி ரெய்னால்ட்ஸும் அன்று இறந்தார்கள். ஒவ்வொரு படைவீரனிடமும் ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனுக்கு நூறு தோட்டா, கோல்ட்டுக்கு 24 தோட்டா.

குப்பி சிக்கிக்கொண்டதால்தான் தோற்றார்கள் என்று நூறு ஆண்டுகளாகப் பேச்சு இருந்தது. 1983-ல் ஒரு காட்டுத்தீ புல்லை எரித்து நிலத்தை வெறுமையாக்கியது. 1984-லும் 1985-லும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் முதலிய தொல்லியலாளர்கள் உலோகம் கண்டறியும் கருவிகளோடு அங்கே இறங்கினார்கள். கிடைத்த ஒவ்வொரு குப்பியும் எங்கே கிடந்தது என்று குறித்தார்கள்.

சுத்தியலின் அடியை வாங்கித் தோட்டாவின் அடியைக் குத்தும் சிறு முள் ஒவ்வொரு துப்பாக்கியிலும் சற்றே வேறுமாதிரித் தடம் பதிக்கும். காவல்துறை தடயவியலில் செய்கிற அதே ஒப்பீட்டைச் செய்து, ஒரே துப்பாக்கியிலிருந்து வந்த குப்பிகளைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் குப்பிகள் கிடந்த இடங்களைக் கோடிட்டு இணைத்தபோது, ஒரு துப்பாக்கி களத்தில் எந்த வழியாக நகர்ந்தது என்பதே தெரிந்தது. லகோட்டா, ஷையன் வீரர்களின் கையில் ஹென்ரியும் வின்செஸ்டரும் ஏராளமாக இருந்தது இப்படித்தான் உறுதியானது. வாய்வழி நிரப்பும் பழைய துப்பாக்கிகளின் உருண்டைக் குண்டுகளும் அதே மண்ணில் கிடைத்தன. முப்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த துப்பாக்கிகள் ஒரே பிற்பகலில் ஒரே களத்தில் சுட்டிருக்கின்றன.

நெம்பி எடுத்த கீறல் இருந்த கார்பைன் குப்பிகள் மிகச் சிலவே. சிக்கல் இருந்தது உண்மை, ஆனால் தோல்வியை விளக்கும் அளவுக்கு இல்லை. எண்ணிக்கையில் பெரிய எதிரி, சிதறிப்போன படை, ஓடைகளிலும் புல்லிலும் மறைந்து நெருங்கிவந்த வீரர்கள், நெருங்கியபின் வேகமாகச் சுட்ட ஹென்ரிகள் என்று சேர்ந்துதான் அது முடிந்திருக்கிறது. வெட்டவெளியில், தொலைவில், ஸ்பிரிங்ஃபீல்டின் பெரிய தோட்டா மேல். கைக்கெட்டும் தூரத்தில் ஹென்ரியின் சின்னத் தோட்டாக்கள் மேல். அன்று தூரம் குறைந்துகொண்டே போனது.